பெயர் மட்டும் எங்கள் ஊருடையது

சூதாட்ட விடுதி, குதிரைப் பந்தயம், ஐபிஎல் டிக்கெட். இந்த மூன்றையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து 40 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறது ஒன்றிய அரசு. 2025 செப்டம்பர் 22 முதல் அமல். அதற்கு முன் 28 சதவீதமாக இருந்தது. அரசாங்கக் கோப்புகளில் உண்மை எட்டிப் பார்ப்பது அபூர்வம். பார்த்த இடத்தில் ஒரு கும்பிடு போட்டுவிடுவோம்.

அந்த ஐபிஎல்லை நடத்தும் கிரிக்கெட் வாரியம் யார் தெரியுமா? அறப்பணி செய்கிற சங்கம். உங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கம் பதிவாகியிருக்கிறதே, அதே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்தான் அதுவும் பதிவாகியிருக்கிறது. ஐபிஎல்லில் சம்பாதித்தாலும் நோக்கம் விளையாட்டை வளர்ப்பதுதான், ஆகவே வருமான வரி விலக்கு உண்டு என்று 2021 நவம்பரில் மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமையை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விற்றிருக்கிறது அந்த ஏழைச் சங்கம். ஆக, பார்க்க வருகிறவன் சூதாடி. நடத்துகிறவர் தர்மகர்த்தா.

இந்தத் தர்மகர்த்தாக்களுக்குப் படியளக்கிற தம்பி ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம்; உங்கள் தெருவிலும் இருப்பான். வியாசர்பாடிக்காரன் என்று வைத்துக்கொள்வோம். வயசு இருபத்து மூன்று. பாலிடெக்னிக் முடித்தான், இரண்டு அரியர் இவனை இன்னும் விடவில்லை. சாப்பாடு டெலிவரி செய்கிறான். கம்பெனி கொடுத்த சட்டைக்கு உள்ளே மஞ்சள் சட்டை. முதுகில் 7. வண்டியின் பெட்ரோல் டாங்க்கில் சிங்கம்.

ஐபிஎல் நடக்கிற ராத்திரிகளில்தான் ஆர்டர் குவியும். போனை வண்டி ஸ்டாண்டில் மாட்டி, ஒரு கண்ணால் ரோட்டையும் ஒரு கண்ணால் ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டு போவான். அடுக்குமாடியில் ஏழாவது மாடிக் கதவுக்கு வெளியே பிரியாணிப் பையோடு நிற்கும்போது உள்ளே கூச்சல் வெடிக்கும். இவன் போனில் பந்து இன்னும் போடப்பட்டே இருக்காது. செயலியில் ஆட்டம் சில நொடி தாமதமாகத்தான் வரும். சொந்த அணியின் சிக்ஸரைக்கூட அடுத்தவன் கதவு இடுக்கு வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு பார்த்து ரசிப்பவன் அவன். சேப்பாக்கத்துக்குள் போகலாமே என்பீர்கள். 2025-ல் சென்னை அணியின் ஆட்டங்களுக்கு இருந்த மிகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். அதுவும் ஆன்லைனில் வரிசையில் நின்று, நம்முடைய முறை வருவதற்குள் தீர்ந்துவிடும். பிறகு எங்கிருந்தோ முளைத்து, மூன்று மடங்கு விலையில் வாட்ஸ்அப்பில் வரும். டிக்கெட் வைத்திருந்தவருக்கு மெட்ரோ ரயில் இலவசம் என்று ஒரு சலுகையும் இருந்தது. பெருந்தன்மைதான்.

சரி, எதற்காக இத்தனை பாடு? கேட்டால் நெஞ்சைத் தட்டிச் சொல்வான்: "ஊருண்ணா. நம்ம ஊரு."

ஊருக்கு வருவோம். 2008-ல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 9.1 கோடி டாலர் கொடுத்து சென்னை என்ற பெயரில் அணி நடத்தும் உரிமையை ஏலத்தில் எடுத்தது. யாருடைய பெயர் அது? கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கியவனும், பின்னி மில்லில் வேலை பார்த்தவனும், காசிமேட்டில் வலை இழுத்தவனும் சேர்ந்து உண்டாக்கிய ஊரின் பெயர். விற்றவர்கள் வேறு யாரோ. ஊருக்கு ஒரு பைசா வரவில்லை. ஊரை யாரும் கேட்கவும் இல்லை. 2015-ல் அணியைத் தனிக் கம்பெனிக்கு மாற்றியபோது காட்டிய மதிப்பு 5 லட்சம் ரூபாய் என்று செய்தி வந்தது. கிரிக்கெட் வாரியமே முகம் சுளித்தது. வியாசர்பாடியில் 5 லட்சத்துக்கு ஒரு கக்கூஸ் அளவு மனைகூடக் கிடைக்காது. தம்பிக்கு மட்டும் அந்த அணி விலைமதிப்பில்லாதது.

2013 சூதாட்ட விவகாரம் நினைவிருக்கிறதா? உரிமையாளரின் மருமகன் பிடிபட்டபோது, அவர் அணி நிர்வாகி எல்லாம் இல்லை, வெறும் கிரிக்கெட் ஆர்வலர் என்றார்கள். அதாவது நம் தம்பியைப்போல ஒரு ரசிகர். நிர்வாகிகள் தங்கும் ஹோட்டலில் தங்கி, வீரர்களோடு பெவிலியனில் உட்காரும் ரசிகர். உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் குழு 2014-ல் அந்தக் கதையை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு லோதா குழு அணிக்கு இரண்டு வருடத் தடை போட்டது. நாம் என்ன செய்தோம்? கோபப்பட்டோம். யார்மேல்? தடை போட்டவர்கள்மேல். 2018-ல் அணி திரும்பியபோது வனவாசம் முடிந்து வந்த பாண்டவர்களைப்போல ஆரத்தி எடுத்தோம். ஒருவகையில் பொருத்தம்தான். பாண்டவர்கள் வனவாசம் போனதும் சூதாட்டத்தால்தானே.

அதே 2018 ஏப்ரலில் காவிரிக்காகத் தமிழ்நாடு கொதித்துக்கொண்டிருந்தது. பந்த், ரயில் மறியல். சேப்பாக்கத்தில் நடந்த முதல் ஆட்டத்திலேயே மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. மறுநாளே முடிவானது: தண்ணீர் எப்போது வருமோ தெரியாது, ஆட்டம் புனேவுக்குப் போகும். ஊரின் அணி ஊர்ப் பிரச்சினை வந்ததும் ஊரை விட்டுப் போனது. ஊர்க்காரர்கள் ஆயிரம் பேர் மஞ்சள் சட்டையோடு சிறப்பு ரயிலில் பின்னாலேயே போனார்கள். மறியல் நடந்த தண்டவாளத்தில்தான் அந்த ரயிலும் போனது.

ஊர்ப் பெருமையின் உச்சம் 2023 இறுதி ஆட்டம். அகமதாபாத், மழை, நள்ளிரவு தாண்டி முடிந்த ஆட்டம். கடைசிப் பந்தில் ஜடேஜா அடித்த நான்கு. வியாசர்பாடியில் அன்று யாரும் தூங்கவில்லை. அந்த ஆட்டத்தில் சென்னையை நடுங்க வைத்தவன் யார்? 47 பந்தில் 96 ரன் அடித்த சாய் சுதர்சன். எந்த ஊர்? சென்னை. அவன் ஆட்டமிழந்ததும் சென்னை முழுக்கப் பட்டாசு. 2025-ல் அதே பையன் குஜராத்துக்காக 759 ரன் அடித்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கினான். அதே ஆண்டு, சென்னையின் பெயர் தாங்கிய அணி பத்து அணிகளில் பத்தாவது. தமிழ்நாட்டின் வாஷிங்டன் சுந்தர் குஜராத்தில். வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவில். சின்னப்பம்பட்டி நடராஜன் ஹைதராபாத்தில் ஆடி, பிறகு டெல்லிக்குப் போனார். சாய் கிஷோர் 2020, 2021 இரண்டு சீசனும் சென்னை அணியில்தான் இருந்தார். ஓர் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. தண்ணீர் பாட்டில் தூக்க மட்டும் உள்ளூர்ப் பையன் தோதாக இருந்தான்.

வெளியூர்க்காரன் ஆடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அது வேறு ஆட்களின் பிழைப்பு. ராஞ்சிக்காரர் தோனியை இந்த ஊர் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது அழகான விஷயம்தான்; அவருக்கு அதில் எந்தக் குறையும் இல்லை, நமக்கும் இல்லை. சரக்கு உலகச் சந்தையில் வாங்கியது, லேபிள் மட்டும் உள்ளூர் என்றால், லேபிளுக்கு விலை யார் தருவது என்பதுதான் என் கேள்வி.

2024 அக்டோபர் கடைசி வாரம். எந்தெந்த வீரர்களைத் தக்கவைக்கிறோம் என்று அணிகள் பட்டியல் கொடுத்தன. சென்னை ஐந்து பேரை வைத்துக்கொண்டது. ருதுராஜ், ஜடேஜா, பதிரனா, துபே, தோனி. ஒருவர்கூடத் தமிழ்நாட்டுக்காரர் இல்லை. 2011-ல் உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன், இந்தியாவுக்கு ஆடாதவர் என்ற கணக்கில் 4 கோடிக்கு வந்தார். ஐந்து வருடம் சர்வதேச ஆட்டம் ஆடாவிட்டால் அப்படி எழுதிக்கொள்ளலாம் என்று விதி. தம்பி அன்று ராத்திரி தெருவில் வெடி வைத்தான்.

அந்த வாரம்தான் சென்னை மாநகராட்சி மன்றத்தில் வேறொரு தீர்மானம் நிறைவேறியது. 9 செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் கொடுப்பது, ஆடுகிறவர்களிடம் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்குவது. வியாசர்பாடி மைதானமும் அதில் உண்டு. இந்தப் பகுதியைக் குட்டி பிரேசில் என்பார்கள். ஆட்டோ ஓட்டுநரின் மகன் நந்தகுமார் சேகர் இங்கே பந்து உதைத்துத்தான் இந்திய அணிக்குப் போனார். 2023 ஆகஸ்ட்டில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலில், நாலு வருடத்துக்கும் மேலாக அந்த அணியை வெல்ல முடியாமல் இருந்த ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. கொல்கத்தாவில் பாதி ஊர் அவரைத் தலையில் வைத்து ஆடியது. அவர் வளர்ந்த இடத்தில், அடுத்த நந்தகுமார் மணிக்கு 120 ரூபாயோடு வர வேண்டும் என்றது மாநகராட்சி. பதினோரு பேர் ஒரு மணி நேரம் ஆட 1,320. எதிரணி வேண்டாமென்றால்.

தெருவே கிளம்பியது. அரசியல் கட்சிகளும் கேட்டன, தீர்மானத்தை மாநகராட்சி கைவிட்டது. நம் தம்பியும் பொடிப்பசங்களோடு நின்றான். சின்ன வயசில் அவனும் அங்கே லெஃப்ட் விங் ஆடியவன். முழங்காலில் தழும்பு இருக்கிறது. போராட்டத்துக்கும் மஞ்சள் சட்டையில்தான் வந்தான். வேறு நல்ல டி-ஷர்ட் அவனிடம் இல்லை.

பதினெட்டு வயசில் ஃபேண்டஸி செயலியில் அணி கட்டினான். விளம்பரத்தில் வந்தவர்கள் எல்லாரும் அவன் கும்பிடுகிற வீரர்கள். கடைசியில் ஒரு குரல், இது பண இழப்புக்கு உட்பட்டது, அடிமையாக்கக்கூடும், பொறுப்போடு ஆடுங்கள் என்று மூச்சு விடாமல் ஓடி முடிக்கும். அம்மாவின் மகளிர் குழுத் தவணைப் பணம் இரண்டு தடவை அதில் போனது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் செயலிகளைத் தடை செய்தது. அதுவரை அதே செயலியின் பெயர்தான் இந்திய அணிச் சட்டையின் நெஞ்சில் இருந்தது. தவணைப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எந்தச் சட்டமும் வரவில்லை.

இதெல்லாம் போகட்டும். 2025 ஜூன் 4-ஐ என்னால் போகட்டும் என்று விட முடியவில்லை. பதினெட்டு வருடம் காத்திருந்து பெங்களூரு அணி கோப்பை வாங்கியது. அந்த அணியின் பெயரில் ஊர் பாதி, விஸ்கி பாதி. மறுநாளே கொண்டாட்டம் என்றார்கள், வாருங்கள் என்று சமூக ஊடகத்தில் அழைத்தார்கள். சின்னசாமி மைதானத்தின் வாசலில் நெரிசலில் 11 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளவயசுக்காரர்கள். பள்ளிச் சிறுமியும் உண்டு. வெளியே சாவு, உள்ளே கொண்டாட்டம் தொடர்ந்தது. பிறகு அரசு அணியைக் கைகாட்டியது, போலீஸ் கமிஷனரை இடைநீக்கம் செய்தது. ஆளாளுக்குக் கையை உதறினார்கள். மூன்று மாதம் கழித்து, குடும்பத்துக்கு 25 லட்சம் என்றது அணி. இவ்வளவு கூட்டம் வரும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லையாம்! இறுதி ஆட்டத்தை எத்தனை கோடிப் பேர் போனில் பார்த்தார்கள் என்பதை விளம்பரக்காரனிடம் கணக்குச் சொல்லிக் காசு வாங்கத் தெரிகிறது. அதே ஆட்கள் வாசலுக்கு வந்தால் எண்ணத் தெரியவில்லை.

செத்தவர்கள் கன்னடப் பிள்ளைகள் மட்டுமில்லை, தமிழ்நாட்டுப் பெண்ணும் அதில் உண்டு. அன்று ராத்திரி நம் ஊர் மஞ்சள் சட்டைகள் சில போனில் மீம் போட்டுச் சிரித்தன. ஊர்ப் பெருமை இந்த அளவுக்கு ஆளை மாற்றுமென்றால் அந்தப் பெருமைக்குத் தீ வைக்க வேண்டும். நம் தம்பி அதைப் பகிரவில்லை. டெலிவரிக்குப் போய்விட்டான்.

இப்போது அவன் வேறு வேலை தேடுகிறான். பயோடேட்டாவை எனக்குக் காட்டினான். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சென்னை, சென்னை என்று தொண்டை கிழியக் கத்துகிற பையன், முகவரியில் பெரம்பூர் என்று எழுதியிருக்கிறான். வியாசர்பாடி என்று எழுதினால் நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்களாம். பெரம்பூர் பக்கத்தில்தானேண்ணா என்கிறான். கண்ணகி நகர்ப் பிள்ளைகள் வருடக்கணக்காக இதைத்தான் செய்கிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் இந்தியாவுக்காகக் கபடியில் தங்கம் வென்ற கார்த்திகா, தன் ஊர் கண்ணகி நகர் என்று ஊர் கேட்கச் சொன்னபோது தமிழ்நாடே கைதட்டியது. கைதட்டிய நிறுவனங்களில் எத்தனை, அந்த முகவரியோடு வரும் விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்க்கும்?

தம்பி, அந்த முகவரியை அடி. வியாசர்பாடி என்று முழுசாக எழுது. அதைப் பார்த்து வேலை இல்லை என்பவன் யாரென்று வந்து சொல். மைதானத்துக்காக நின்றவர்கள் அங்கேயும் வந்து நிற்போம். அடுத்த சீசன் டிக்கெட்டுக்கு ஒதுக்கியிருக்கிற பணத்தில் முதலில் அந்த இரண்டு அரியரையும் கட்டு.