சுதேசித் தோல்வி

விளையாட்டில் தோற்பதற்குத் திறமை எதுவும் வேண்டியதில்லை என்பது உலகத்தில் பொதுவாக நிலவும் அபிப்பிராயம். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் என்னும் ஐஸ் ஹொக்கி அணியைச் சிரத்தையுடன் கவனித்து வந்தவர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். சாமர்த்தியம் இல்லாதவன் தோற்பது சாமானிய விஷயம். அதற்கு ஒரு வார்த்தை அனுதாபம் தெரிவித்துவிட்டு அவரவர் காரியத்தைப் பார்க்கப் போகலாம். தேர்ந்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு, கோடிக்கணக்கான டாலர்களை வாரி இறைத்து, பாதி ஆட்டம் வரையில் எதிரியின் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டு, மீதிப் பாதியில் சம்பாதித்த அத்தனையையும் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துத் தோற்பதென்றால், அதற்குப் பயிற்சி வேண்டும், பரம்பரை வேண்டும், ஓரளவு தெய்வ சங்கல்பமும் வேண்டும்.

இந்த அணி கடைசியாக ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது 1967 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் திகதி. அன்றைக்குத் தேசிய ஹொக்கி லீக்கில் இருந்தவை மொத்தமே ஆறு அணிகள். கண்ணை மூடிக்கொண்டு துழாவினாலும் எப்போதாவது கிண்ணம் கையில் தட்டுப்படக்கூடிய காலம். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ஆறு பன்னிரண்டாயிற்று. பன்னிரண்டு வளர்ந்து நாளடைவில் முப்பத்திரண்டாயிற்று. டாம்பா, அனஹைம், லொஸ் ஏஞ்சலிஸ் என்று, பனிக்கட்டியைச் சர்பத்தில் மிதக்கக் கண்டதன்றி வேறெங்கும் காணாத ஊர்களெல்லாம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போயின. மாதக்கணக்கில் பனியிலே புதைந்து கிடக்கும் ரொறன்ரோ மாத்திரம், வாகனத்தின் கண்ணாடியைச் சுரண்டியபடியே அந்த ஊர்வலங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது.

எந்தப் பருவம் எல்லாவற்றிலும் மோசமானது என்பது குறித்து அபிமானிகளிடையே மதபேதங்கள் உண்டு. 2013 ஆம் ஆண்டு மே மாதம் பொஸ்டனில் நடந்த ஏழாவது ஆட்டத்தையே பிரமாணமாகக் கொண்டவர்கள் ஒரு சாரார்: 4-1 என்று முன்னணியில் இருந்து, முதலில் ஒரு கோலையும், கடைசி ஒன்றரை நிமிஷத்துக்குள் இன்னும் இரண்டு கோல்களையும் கொடுத்துச் சமநிலைக்கு வந்து, மேலதிக நேரத்தில் 5-4 என்று தோற்ற ஆட்டம் அது. ஸ்காபரோவில் எனக்கு முடி வெட்டுகிறவர் இந்த மதத்தில் தீவிரப் பற்றுள்ளவர். அவர் அதைப் பற்றிப் பிரஸ்தாபிக்கத் தொடங்கும்போது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடும்படி வினயமாகக் கேட்டுக்கொள்வது என் வழக்கம். அவருடைய துக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தத் தோல்வியில் பொஸ்டன்காரரின் உழைப்பு கணிசமாகக் கலந்திருக்கிறது என்பதை எப்படி மறைப்பது? பூரணமான தோல்வி என்றால் அதில் அந்நியர் கை அதிகம் படாதிருக்கவேண்டும்; கதர்த் துணியைப் போல உள்ளூரிலேயே நூற்று, உள்ளூர்த் தறியிலேயே நெய்ததாக இருக்கவேண்டும். அந்த லட்சணங்கள் யாவும் பொருந்தியது 2019-20 பருவம் ஒன்றே என்பது என் கட்சி.

அந்தப் பருவத்தில் ஓர் அணி ஆட்டக்காரரின் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்ச வரம்பு 8 கோடியே 15 லட்சம் டாலர். இதில் ஏறக்குறையப் பாதியை நிர்வாகத்தார் ஒஸ்டன் மத்தியூஸ், ஜோன் டவாரஸ், மிச் மார்னர், வில்லியம் நைலாண்டர் ஆகிய நான்கே பேருக்கு எழுதி வைத்தார்கள். தடுப்பாட்டக்காரர், கோல் காப்பாளர் முதலிய ஏனையோர் மீதிப் பாதியைப் பங்கிட்டுக்கொள்ளவேண்டியது. நால்வரும் சாமானியர் அல்லர். மத்தியூஸ் 70 ஆட்டங்களில் 47 கோல்கள் போட்டார். லீக்கில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட இருவர் போட்டது ஆளுக்கு 48. அவர் லீஃப்ஸ் ஆட்டக்காரர் என்பதற்குக் குறைந்துபோன அந்த ஒரு கோலே அத்தாட்சி. டவாரஸோ 2018 இல் அணியில் சேர்ந்த தினத்தன்று, லீஃப்ஸ் சின்னம் பொறித்த படுக்கை விரிப்பில் தாம் சிறு பையனாக உறங்கும் படத்தை வெளியிட்டு, ஊரையே உருக வைத்தவர். சின்ன வயதிலேயே அந்தச் சின்னத்தோடு தூங்கிப் பழகிவிட்டார் என்று என் மருமகன் பின்னாளில் வியாக்கியானம் செய்தான்.

இத்தனை பேருக்கும் படியளக்க இடம் போதாமல், 39 வயதான பற்றிக் மார்லோ என்ற ஆட்டக்காரரை, ஓராண்டு ஒப்பந்தம் மீதியிருக்கும்போதே, கரோலினா ஹரிக்கேன்ஸ் அணியின் தலையில் கட்டிவிட நேர்ந்தது. வெறுங்கையோடு அனுப்புவது மரியாதையல்ல என்றெண்ணி, 2020 இல் முதற் சுற்றில் ஓர் இளம் ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்கும் உரிமையையும் தட்சணையாக வைத்து அனுப்பினார்கள். கரோலினா தட்சணையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மார்லோவுக்குப் பணம் கொடுத்து விடை கொடுத்துவிட்டது. கரோலினா என்ற பெயரை வாசகர்கள் சற்றே ஞாபகத்தில் வைத்திருக்கவேண்டும். பயிற்றுநர் மைக் பாப்கொக்கை, 2015 இல் எட்டு வருஷத்துக்கு 5 கோடி டாலர் பேசிக் கொண்டுவந்தவரை, தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றதும் நவம்பர் 20 இல் வீட்டுக்கு அனுப்பியதை இங்கே விஸ்தரிக்கப்போவதில்லை. அது எந்த அணியிலும் நடப்பது.

2020 பெப்ரவரி 22, சனிக்கிழமை இரவு நடந்ததோ வேறெங்கும் நடவாதது. உறவினர் ஒருவரின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில், நான் கொத்துரொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, கைத்தொலைபேசியை மேசைக்கடியில் ஒளித்து வைத்து லீஃப்ஸ்-கரோலினா ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த மருமகன் என் காதருகே குனிந்தான்.

“மாமா, கரோலினாவின்ர ரெண்டு கோலியும் காயம். சம்போனி ஓடுறவர் இறங்குறார்.”

“ஆரடா அவர்?”

“ஐஸ் வழிக்கிற மெஷின் ஓடுற ஆள், மாமா.”

ஆட்டத்தின் இடைவேளைகளில் அரங்கத்துக்குள் யானை அசைவது போல் வந்து சுற்றும் இந்த வாகனத்தை நான் எப்போதுமே விருப்பத்தோடு பார்ப்பவன். அதன் அடியிலுள்ள நீண்ட கத்தி, சறுக்குக் காலணிகள் கீறிக் குதறிய மேற்பரப்பை மெல்லிசாக வழித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னால் தொங்கும் அகன்ற துணி வெந்நீரைப் பூசிக்கொண்டே வரும். கீறல்களில் இறங்கிய நீர் உறைந்து தளம் மறுபடி பளபளவென்றாகும். லீஃப்ஸ் ஆட்டத்தில் எல்லாருக்கும் திருப்தி அளிக்கும்படி நிறைவேற்றப்படும் காரியம் பல இரவுகளில் இது ஒன்றுதான்.

டேவிட் எயர்ஸ் என்னும் அந்த மனிதருக்கு வயது 42. தாயாரின் சிறுநீரகத்தைத் தானமாகப் பெற்று உயிர் பிழைத்தவர். இரு அணிகளில் எதற்கு ஆபத்து வந்தாலும் இறங்கி உதவ ஒரு கோல் காப்பாளரை, ஆட்டம் நடக்கும் ஊரிலிருந்தே ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும் என்பது அன்றைக்கு லீக்கின் விதி. எயர்ஸ் உத்தியோகம் பார்த்ததோ லீஃப்ஸ் அணி 1967 இல் கிண்ணத்தை வென்ற அதே பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்தில். இப்போது அதன் கீழ்த்தளத்தில் பலசரக்கு வியாபாரம், மேலே ஒரு பல்கலைக்கழகத்தின் பனித்தளம். லீஃப்ஸின் பயிற்சிகளில் நின்று அவர்களுடைய அடிகளையே தடுத்துப் பழகியவர். கரோலினாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கியபோதுகூட, அவர் முகத்திலிருந்த கவசம் லீஃப்ஸின் கிளை அணியான மார்லீஸினுடையது. உள்ளூர் மனிதர், உள்ளூர்ப் பயிற்சி, உள்ளூர்க் கவசம்!

முதல் இரண்டு அடிகளும் உள்ளே போயின. கரோலினாவுக்குச் சாதகமாக 4-1 என்று நின்ற கணக்கு 4-3 ஆயிற்று. அந்தச் சந்தர்ப்பத்தில் வேறெந்த அணியும், கோலை நோக்கி மனம் போனபடியெல்லாம் அடித்துத் தள்ளியிருக்கும். கடைசி இருபது நிமிஷத்தில் லீஃப்ஸ் அடித்தது ஏழே ஏழு. பலகாலம் தங்கள் பயிற்சிகளில் நின்று கொடுத்தவரை அவமதிக்கக்கூடாது என்ற தாட்சணியமோ என்னவோ, ஏழையும் அவர் தடுக்கத்தக்க இடமாகப் பார்த்தே அடித்தார்கள். 6-3 என்று கரோலினா வென்றது. வென்ற கோல் காப்பாளர் என்று எயர்ஸின் பெயர் லீக்கின் ஏட்டில் ஏறியது. கரோலினா அணியின் ஊராகிய ராலேயின் மேயர் பெப்ரவரி 25 ஐ டேவிட் எயர்ஸ் தினமாகப் பிரகடனம் செய்தார். விருந்து மண்டபத்தில் கேக் வெட்டியபோது என் மருமகன் முகத்தைப் பார்த்தவர்கள், அது ஏதோ திவச வீடென்று நினைத்திருப்பார்கள்.

பிறகு கொள்ளைநோய் வந்து, மார்ச் 12 அன்று லீக்கே நின்றுபோயிற்று. ஓகஸ்டில் கதவுகளைச் சாத்திக்கொண்டு மறுபடி ஆரம்பித்தபோது, கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸுடன் மோதும்படி விதிக்கப்பட்ட லீஃப்ஸுக்கு வாய்த்த இடம் அவர்களுடைய சொந்த அரங்கம். அதிலும் ரசிகர் ஒருவர்கூட இல்லாத அரங்கம். ஆசனத்திலிருந்து தலையில் அடித்துக்கொள்வார் இல்லை, சட்டையைக் கழற்றி எறிவார் இல்லை. தோற்பதற்கு இதைவிட நிம்மதியான சூழ்நிலை உலகில் கிடையாது. ஐந்து ஆட்டங்களில் இரண்டில், அந்த நால்வரும் சேர்ந்து ஒரு கோல்கூடப் போடவில்லை. மூன்றாவதில் 3-0 என்று முந்திவிட்டுத் தோற்றார்கள். நான்காவதுதான் பெருங்கொடுமை. 3-0 என்று பின்தங்கி, கடைசி நான்கு நிமிஷத்தில் மூன்று கோல் போட்டு, மேலதிக நேரத்தில் வென்றுவிட்டார்கள்! செத்துப்போன நம்பிக்கைக்கு இப்படி வைத்தியம் பார்த்து எழுப்பி உட்கார வைத்து, ஓகஸ்ட் 9 அன்று 3-0 என்று தோற்று, மறுபடி கிடத்தினார்கள்.

மறுநாள் சீட்டுக் குலுக்கல். இந்தச் சுற்றில் தோற்ற எட்டு அணிகளுள் ஒன்றுக்கு முதலாவது தெரிவு என்பது ஏற்பாடு. மார்லோவோடு கொடுத்தனுப்பிய உரிமை, சீட்டு விழுந்தால் லீஃப்ஸிடமே தங்கும், விழாவிட்டால் கரோலினாவுக்குப் போய்விடும். சீட்டு நியூயோர்க் ரேஞ்சர்ஸுக்கு விழுந்தது. பதின்மூன்றாவது இடத்துக்குச் சரிந்த அந்தத் தட்சணையில் கரோலினா எடுத்துக்கொண்ட செத் ஜார்விஸ் என்ற பையன், 2023-24 பருவத்தில் 33 கோல்கள் போட்டான்.

பின்னொரு கோடையில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் அத்தானை, மருமகனையும் கூட்டிக்கொண்டு, ஹொக்கிக் கீர்த்தி மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். யங் வீதியில், முன்னொரு காலத்தில் மொன்றியல் பாங்கு இயங்கிய கட்டடத்தில் இருக்கிறது அது. கிண்ணத்தின் ஆதிப் பாத்திரத்தை அந்தப் பாங்கின் பழைய பெட்டக அறையிலே பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அனுமதிச் சீட்டு வாங்கினால் எவரும் கண்ணாரக் காணலாம்.

“உங்கட ஆக்களும் இதை வெண்டவையோ?” என்றார் அத்தான்.

“ஓம் அத்தான். அறுபத்தேழில.”

அவர் மனத்துக்குள் ஏதோ கணக்குப் போட்டார். சங்கடத்தைத் தவிர்க்கும்பொருட்டு நான் எயர்ஸின் கதையைச் சொல்லி, அன்று அவர் பிடித்த தடியையும் இந்த மண்டபத்துக்கே வாங்கிவிட்டார்கள் என்று முடித்தேன். அத்தான் பிடரியைத் தடவிக்கொண்டார்.

“அந்தாள் இந்தப் பக்கத்து ஆள்தானே?”

“இந்தப் பக்கம்தான்.”

“பழகினதும் உங்கட ஆக்களோட?”

“ஓம்.”

“பிறகென்ன, நாங்கள் வெண்டிருக்கிறமே! உதைப்போய்த் தோல்வி எண்டு சொல்லிக்கொண்டு திரியிறீர்.”

அந்த மனிதர் பெயர் போட்ட சட்டை ஒன்று தம்முடைய அளவுக்குக் கிடைக்குமா என்று விசாரித்துவரும்படி, என் மருமகனை அவர் அப்போதே கடைப்பக்கம் அனுப்பினார்.