குதிக்கத் தெரியாத கேப்டன்

மேடைக்கு மேடை தாவும் வீடியோ கேம்களில் கதாநாயகனுக்கு வேறு எந்தத் தகுதியும் வேண்டாம், குதிக்கத் தெரிந்தால் போதும். 1981இல் வந்த 'டாங்கி காங்' ஆட்டத்தில் பீப்பாய்களைத் தாண்டித் தாண்டி ஓடினாரே ஒரு மீசைக்காரர், அவருக்கு மாரியோ என்று பெயர் நிலைப்பதற்கு முன்னால் 'ஜம்ப்மேன்' என்றுதான் பெயர். பிறகு வந்தவர்கள் எல்லாரும் அவர் வாரிசுகள். ஆமைமேல் குதிப்பார்கள், காளான்மேல் குதிப்பார்கள், வேலை எதுவும் இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்துக்கொள்வார்கள்.

இவர்களோடு எனக்கு ஒட்டவே ஒட்டாது. எலும்பு டாக்டர் என் முட்டி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முகத்தை மாற்றாமல், "தேய்மானம்" என்று சொன்ன நாளிலிருந்து, குதிக்கிற எவரைக் கண்டாலும் எனக்கு அடிவயிற்றில் கொஞ்சம் எரிகிறது. இது தெரிந்துதான் அக்கா மகன் ஒருநாள், "மாமா, உங்களுக்குன்னே ஒரு கேம் இருக்கு. ஹீரோவுக்குக் குதிக்கவே வராது" என்று என் கம்ப்யூட்டரில் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். பெயர் 'விவிவிவிவிவி'.

ஆம், ஆறு வி. அச்சுப்பிழை இல்லை. அயர்லாந்துக்காரரான டெரி கேவனா 2010 ஜனவரியில் வெளியிட்ட ஆட்டம். இண்டி கேம் என்கிறார்களே, அந்த வகை. பின்னால் பெரிய கம்பெனி கிடையாது. ஸ்வீடனின் மேக்னஸ் பால்சன் போட்ட இசையைக் காசு கொடுத்தே கேட்கலாம். படங்கள் மட்டும் 1982இல் வந்த கமடோர் 64 கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வந்த மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். கதை என்னவென்றால், விண்கலம் கோளாறாகி, கேப்டன் விரிடியனின் சகாக்கள் திசைக்கொருவராகச் சிதறிவிடுகிறார்கள். வயலட், விட்டலரி, வெர்மிலியன், வெர்டிக்ரிஸ், விக்டோரியா. இவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். வழியெல்லாம் முள். அந்த முள்ளும் ஆங்கில 'வி' வடிவம்தான்.

கேப்டனுக்கு இடப்பக்கம் போகத் தெரியும், வலப்பக்கம் போகத் தெரியும். மூன்றாவதாக, புவியீர்ப்பைக் கவிழ்க்கத் தெரியும். பொத்தானை அழுத்தினால் தரையில் நின்றவர் விருட்டென்று கூரைக்குப் போய்த் தலைகீழாக நடப்பார். மறுபடி அழுத்தினால் தரை. நடுவழியில் மனசு மாற முடியாது, கால் எங்காவது பட்டால்தான் அடுத்த கவிழ்ப்பு. நியூட்டனையே குப்புறப் போடும் இந்த மனிதருக்கு நாலு விரல் உயரம் ஏறி இறங்க வராது.

முள்ளில் பட்டால் சாவு. கேப்டன் முகத்தில் சதா இருக்கும் புன்னகை ஒரு கணம் கவிழும். அடுத்த கணமே சற்று முன்னால் கடந்த இடத்தில் பழையபடி சிரித்துக்கொண்டு நிற்பார். மூன்றே உயிர், மறுபடி முதலிலிருந்து வா என்கிற பழைய கொடுமை எதுவும் இல்லை. திட்டுவதற்குக்கூட அவகாசம் கிடையாது, வாயைத் திறப்பதற்குள் ஆள் தயார். ஒருவன் செத்ததற்கு யாராவது அரை நிமிஷமாவது வருத்தப்பட வேண்டாமா என்று எனக்கு முதலில் மனத்தாங்கல்தான். ஆனால் ஆட்டம் உள்ளூரக் கணக்கு வைத்திருக்கிறது. மொத்தம் எத்தனை முறை செத்தோம் என்று முடிவில் காட்டும். என் வருமான வரிக் கணக்கைக்கூட யாரிடமும் காட்டுவேன், அந்த எண்ணைக் காட்ட மாட்டேன்.

திரைக்குத் திரை, கீழே ஒரு பெயர் வரும். சூட்டியவர் பென்னட் ஃபாடி என்ற ஆஸ்திரேலியர். தத்துவம் படித்தவர். படித்த தத்துவத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் கேம் பக்கம் வந்துவிட்டார் என்பது என் ஊகம். தொடைக்குத் தனிப் பொத்தான், கெண்டைக்காலுக்குத் தனிப் பொத்தான் என்று கொடுத்து, ஓட்டப்பந்தய வீரன் ஒருவனை ஓடவே விடாமல் செய்யும் 'க்வோப்' ஆட்டம் 2008இல் அவர் செய்ததுதான். 2017இல் ஒரு மனிதனை அண்டாவுக்குள் இடுப்புவரை உட்காரவைத்து, கையில் சம்மட்டி கொடுத்து மலையேறச் சொன்னவரும் அவரே. மனித முட்டிமேல் அவருக்கு என்ன கோபமோ.

நம் கேப்டனின் ஆட்டத்தில் வழிநெடுக இருபது மினுமினுப்பான பொருள்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று ஒளியவே இல்லை, கண்ணெதிரே தரையிலேயே கிடக்கிறது. குறுக்கே இருப்பது ஒரு சின்னக் கட்டை. எங்கள் வீட்டு நிலைப்படி அளவு உயரம். என் முட்டியே முனகிக்கொண்டாவது தாண்டிவிடும். கேப்டனால் முடியாது. அறையின் பெயர், 'கஷ்டமான வழியில் காரியம் செய்தல்'.

வழி இதுதான். கட்டைக்கு இந்தப் பக்கம் நின்று ஈர்ப்பைக் கவிழ்க்க வேண்டும். மேலே கூரை இல்லை. அறைக்கு மேல் அறை, அதற்கும் மேல் அறை என்று முள் பதித்த ஒரு கிணறு வளைந்து வளைந்து போகிறது. அதற்குள் மேல்நோக்கி 'விழ' வேண்டும், நடுவில் கால் ஊன்ற இடமில்லை. உச்சியில் ஒரு பலகை இருக்கிறது, கால் பட்டதும் நொறுங்கும். நொறுங்கி முடிவதற்குள் ஈர்ப்பைத் திருப்பி, வந்த வழியே அத்தனை முள்ளையும் கடந்து கீழே விழுந்து, கடைசியில் கட்டைக்கு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். நிலைப்படி தாண்டியாயிற்று. கிணற்றில் மூன்று அறைகளுக்கு ஜூலியஸ் சீசரின் 'வெனி, விடி, விசி'. வந்தேன், கண்டேன் வரை எனக்குச் சிக்கலில்லை. மூன்றாவதற்குச் சீசரையே கூப்பிட வேண்டியிருந்தது. இன்னோர் அறைக்கு, உன் கசப்புக் கண்ணீர் ருசியாக இருக்கிறது என்ற பொருளில் பெயர்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்தக் கட்டையைத் தாண்டினா எடுத்துடலாம்ல?"

"தாண்ட வராது."

"காலைத் தூக்கி வைக்கச் சொல்லுங்க."

"கால் தூக்கவும் வராது."

"விண்வெளிக்குப் போக மட்டும் வருமாக்கும். இவரை யாரு கேப்டனாக்கினது?"

ஆட்டத்திலேயே சாகாவரம் தரும் வசதி உண்டு. போட்டுப் பார்த்தேன். கேப்டன் முள்மேல் சாவதானமாக நடந்தார், எனக்குத் தூக்கம் வந்தது. வேகத்தை 80, 60, 40 சதவீதமாகக் குறைக்கும் வசதியும் இருக்கிறது. 40இல் வைத்தேன். கேப்டன் நிதானமாக மேலே போய், நிதானமாக முள்ளில் குத்திக்கொண்டார். முன்பு எந்த முள் என்றே தெரியாமல் செத்துக்கொண்டிருந்தேன், இப்போது ஒவ்வொரு முள்ளும் முகப் பழக்கம்.

பத்தாண்டு நிறைவையொட்டி 2020 ஜனவரியில் கேவனா இந்த ஆட்டத்தின் நிரலை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டார். ஐ.டி.யில் இருக்கும் அக்கா மகன் அதைப் பிரித்துக் காட்டினான். மொத்த ஆட்டமும், எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்று பட்டியல் போடும் ராட்சச ஸ்விட்ச் கட்டளை ஒன்றில் தொங்குகிறது. 0 முதல் 4099 வரை மனம்போன போக்கில் எண்கள். "எங்க ஆபீஸ்ல இப்படி எழுதினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க மாமா" என்றான். அவன் ஆபீஸில் எழுதுவதைப் பத்து வருஷம் கழித்து யாராவது விரும்பித் திறந்து பார்ப்பார்களா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அக்கா முகம் ஞாபகம் வந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

நிலைப்படியை ஒருவழியாகத் தாண்டினேன். கதையை முடித்து, இருபதையும் சேர்த்துவிட்டால் ரகசிய ஆய்வகம் ஒன்று திறக்கும். அப்பாடா, இனி ஓய்வு என்று உள்ளே போனால், அங்கே 'சூப்பர் கிராவிட்ரான்' என்று ஒன்று. கேப்டன் தானாகவே மேலும் கீழும் எகிறிக்கொண்டிருப்பார். இரண்டு பக்கமிருந்தும் பாய்ந்து வருகிறவற்றில் படாமல் 60 வினாடி தாக்குப்பிடிக்க வேண்டும். ஆட்டக்காரர்களின் லட்சணம் தெரிந்துதானோ என்னவோ, 5 வினாடிக்கே ஒரு கோப்பை கொடுத்துவிடுகிறார்கள். அதை நான் வாங்கிய அன்று, "தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று மனைவி உட்கார்ந்தாள். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் 10 வினாடிக் கோப்பை அவள் வசம். 15க்கு இப்போது முறைவைத்து ஆடுகிறோம். முதலில் சாகிறவர் மாவரைக்க வேண்டும் என்று ஏற்பாடு. கிரைண்டர் குழவியைத் தூக்குவதற்கு முட்டி தடையில்லை என்று டாக்டரையும் போனில் கேட்டு வைத்துவிட்டாள்.