தாத்தாவின் ஈசி சேர்

கேள்வி: தாத்தாவின் தேக்கு ஈசி சேரை வரவேற்பறையில் போட ஆசை. சோபா இருக்கும்போது அது எதற்கு என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யலாம்?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: தாராளமாகப் போடுங்கள். சோபா விருந்தாளிக்கு, ஈசி சேர் வீட்டுக்காரருக்கு. நீளக் கைகளில் காலைத் தூக்கிப் போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை விரலால் வழித்துச் சாப்பிடும் சுகம் சோபாவில் ஏது? தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ நாவல் 1997இல் சாகித்திய அகாதெமி விருதே வாங்கியது. எந்த சோபா வாங்கியது? காரைக்குடி பழம்பொருள் கடைகளில் ஈசி சேரைத்தான் காசு கொடுத்துத் தேடுகிறார்கள். துணி நைந்திருந்தால் கெட்டித் துணியாக மாற்றுங்கள், நூற்பாலை ஊர்க்காரருக்குச் சொல்லவா வேண்டும்! தாத்தாவின் முழங்கை தேய்த்த பளபளப்பின்மேல் மட்டும் வார்னிஷ் பூசவிடாதீர்கள். வேண்டாம் என்றவர்தான் முதலில் அதில் தூங்குவார். அப்போது துணியில் செருகிய கம்பைப் பிள்ளைகள் உருவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.