பரலோக மாதாவும் பகல் விடுமுறையும்

இறை நம்பிக்கையையும் ஓய்வையும் ஒரே கட்டணத்தில் அளிக்கும் ஆன்மிகச் சுற்றுலா என்பது மேலை நாட்டுக் கத்தோலிக்கரின் புதுமையாகப் பேசப்படுகிறதெனினும், கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் அந்த ஏற்பாடு விளம்பரத்தாள் எதுவுமின்றி நெடுங்காலமாக நடந்துவருகிறது. வீரமாமுனிவர் பணியாற்றிய அவ்வூரின் பரலோக மாதா திருவிழா, அதாவது மரியாள் உடலோடும் ஆன்மாவோடும் விண்ணேற்றப்பட்டதன் நினைவு, ஆகஸ்ட் 15 அன்று நிறைவுறுகிறது. இவ்விண்ணேற்பைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் விசுவாசக் கோட்பாடாக, அதாவது மறுக்கக் கூடாத போதனையாக, அறிவித்தது 1950இல்தான். இந்தியாவோ அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே விடுதலை பெற்று, அதே நாளைச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாக்கி, தன்னையறியாமலேயே மாதாவுக்குத் தொண்டு செய்துவிட்டது. அவ்வூர்க் கரிசல் மண்ணின் மானாவாரி, அதாவது மழையை மட்டுமே நம்பிய வேளாண்மை, புரட்டாசியில்தான் விதைப்பைக் கேட்பதால், ஆடிக் கடைசியில் சம்சாரிக்கு, அதாவது உழவருக்கு, வானத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை என்பதும், அவ்வானத்திற்கே ஒருவர் ஏற்றப்படும் விழா அப்போது வருவதும் மறையியலார் கவனிக்கத் தவறிய பொருத்தமாகும். திருப்பலி முடிந்து, தேர் பார்த்து, ராட்டினம் ஏறி, கடலைமிட்டாயோடு வேன் பிடிக்கும் குடும்பத்தினரிடம் இவற்றுள் எது வழிபாடு, எது பொழுதுபோக்கு என்று வினவும் ஆய்வாளர், பெரும்பாலும் வேனில் இடமின்றி நிற்க நேரிடும்.