நல்லி எலும்பும் எசேக்கியேலும்

எங்கள் ஊர் அசனப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, பிரசங்கத்துக்கு நான் எடுத்த பகுதி எசேக்கியேல் 34. மந்தையை விட்டுவிட்டுத் தங்களையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களை ஆண்டவர் வெளுத்து வாங்குகிற அதிகாரம். கொழுத்த ஆடு இவர்கள் வயிற்றுக்கு, ரோமம் இவர்கள் தோளுக்கு. கால் ஒடிந்ததற்குக் கட்டுப்போடவும் காணாமல் போனதைத் தேடவும் மட்டும் நாதியில்லை. நாற்பது நிமிஷம் முழங்கினேன். எசேக்கியேல் பாபிலோன் சிறையிருப்பிலிருந்து பேசியவர், மேய்ப்பர் என்று அவர் திட்டியது இஸ்ரவேலின் ராஜாக்களையும் தலைவர்களையும் என்று விளக்கும்போது உள்ளுக்குள் ஒரு நிம்மதி. நான் வெறும் உபதேசியார்தானே.

அடுத்த ஞாயிறு பந்தியில் உட்கார்ந்தேன். கறி வாளியோடு வந்த தம்பி குனிந்து, “உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சேன் ஐயா” என்று என் இலையில் ஒரு நல்லி எலும்பையும் கொழுப்புத் துண்டுகளையும் இறக்கினான். எதிர்ப்பந்தியில் ஞாயிறு பள்ளிப் பையன் ஒருவன். அவன் இலையில் வெறும் குழம்பும் ஒரு கத்தரிக்காயும்.

“ஐயா, போன வாரம் நீங்க சொன்ன ஆடு இதுதானா?”

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்லியை அவன் இலைக்குத் தள்ளியிருக்கலாம். தட்டி உறிஞ்சிவிட்டுத்தான் எழுந்தேன்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், மூன்றாம் அதிகாரத்தில் சபைத் தலைவனுக்கு ஒரு தகுதிப் பட்டியல் இருக்கிறது. மதுப்பழக்கம் கூடாது: இல்லை, சர்க்கரை டாக்டர் பார்த்துக்கொண்டார். சண்டைக்காரனாய் இருக்கக்கூடாது: மைக் செட்காரரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் தேறுவேன். பண ஆசை கூடாது: சோதித்துப் பார்க்கும் அளவுக்குப் பணம் வந்ததில்லை. சொந்த வீட்டை நன்றாக நடத்த வேண்டும் என்ற இடத்தை வாசித்தால் மூன்றாவது வரிசையில் என் மனைவிக்கு இருமல் வரும்.

அந்த அதிகாரத்தில் நம் பழைய தமிழ் வேதாகமம் தலைவனுக்கு வைத்திருக்கும் பெயர் ‘கண்காணி’. மேற்பார்ப்பவன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேரான தமிழ்தான். ஆனால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து ஆள் கூட்டிப் போனவரும் கண்காணிதான். காலையில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, அந்தத் தலைக் கணக்குக்கு அவருக்குத் தனிக்காசு. நான் எந்த வகைக் கண்காணி என்பது என் வீடு சந்திப்பு நோட்டைப் பார்த்தால் தெரியும்.

நாற்பத்திரண்டு குடும்பம். மாதம் ஒருமுறை எல்லா வீட்டுக்கும் போய் ஜெபித்து, நோட்டில் டிக் போட வேண்டும். நல்ல காபி கிடைக்கும் வீடுகளுக்கு மாதம் மூன்றுமுறைகூடப் போயிருக்கிறேன். கடைசித் தெருவில் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கும் பாட்டி வீட்டுக்குத்தான் கால் வராது. பேச ஆரம்பித்தால் 1964 புயலிலிருந்து தொடங்குவார். மாதக் கடைசியில் கணக்குக் கொடுக்கும் அவசரத்தில் அவர் பெயருக்கு நேரேயும் ஒரு டிக் விழும். ஆத்துமாக்களுக்காகத் தலைவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று எபிரெயர் நிருபம் சொல்வது இந்த நோட்டை அல்ல என்று எனக்கு நானே வியாக்கியானம் செய்துகொள்வேன்.

போன மாதம் ஆராதனை முடிந்து பாட்டியின் மகள் வாசலில் நிறுத்தினார். சரி, மாட்டினோம் என்று நினைத்தேன்.

“ஐயா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே? நாலு மாசமா உங்களக் காணலன்னதும் அம்மா பயந்துட்டாங்க. தினமும் உங்களுக்காகத்தான் ஜெபம் பண்ணுறாங்க.”

அன்று சாயங்காலமே போனேன். புயல் வந்தது, பாலம் போனது, எல்லாம் கேட்டேன். காபியில் சீனியே இல்லை. என் சர்க்கரை வியாதி பாட்டிக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். தேதி எட்டுதான் ஆகியிருந்தது. அவர் பெயருக்கு நேரே ஏற்கெனவே என் கையால் போட்ட டிக் இருந்தது.