போத்துக்கு முந்திப் புல்லு, மாப்ள!

வா மாப்ள, உட்காரு. ஏலப்பாறைக் கடைவீதி முழுக்க உன் பேச்சுதான். பெங்களூரு வேலையை விட்டுட்டு வந்து 2 ஏக்கர்ல 25 முர்ரா எருமைப் போத்து கட்டி, வருஷம் திரும்புறதுக்குள்ள கறிக்கு விக்கப்போறியாமே! ஹரியானாவுல லாரி இன்னும் கிளம்பல, அதுக்குள்ள லாபத்துல வாங்கப்போற ஜீப்புக்கு நிறம் பார்த்துட்டியாம். எருமை வாங்குமுன்னே நெய்க்கு விலை பேசுறவனைத்தான் பெரியவங்க கேலி பண்ணாங்க. நீ நெய்யை வித்துக் கடனையும் அடைச்சுட்டு வந்து நிக்கிற ஆளு. உன்னைக் கேலி பண்ண எனக்குத் தகுதி பத்தாது.

நான் தடுக்கல மாப்ள. எஸ்டேட் பள்ளிக்கூடத்துல மூணாப்போட நின்னவன் நான். இன்ஜினியருக்குப் புத்தி சொல்வேனா? பெருக்கல் மட்டும் கொஞ்சம் வரும், அதைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு போத்து தன் எடையில பத்துல ஒரு பங்கு பச்சைப்புல்லு தின்னும். சராசரி 250 கிலோன்னு வையி, நாளுக்கு 25 கிலோ. 25 உருப்படிக்கு 625 கிலோ. வருஷத்துக்கு 228 டன். அதுக்குத்தான் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக் கோ-5 கம்பு நேப்பியர் இருக்கே, எக்டேருக்கு வருஷம் 360 டன் வருமேன்னு நீ போனைத் தூக்கிக் காட்டுறே. சரிதான், ஏக்கருக்கு 146, ரெண்டு ஏக்கருக்கு 292 டன். மிச்சம்கூட இருக்கு, பக்கத்து வீட்டு ஆட்டுக்குத் தானம் பண்ணலாம்.

ஆனா அந்தக் கணக்கு சமதரையில, தண்ணி பாய்ச்சி, உரம் போட்டு, கோயம்புத்தூர் வெயில்ல வருஷம் ஏழு தடவை அறுத்த கணக்கு. நம்ம ஊருல ஆனி ஆடியில சூரியனைப் பார்த்தவன் யாராவது இருந்தா கூட்டிட்டு வா, காபி வாங்கித் தர்றேன். உன் 2 ஏக்கர்ல ஒரு பங்கு பாறை, ஒரு பங்கு ஏத்தம். பாதி விளைஞ்சாலே சாமிக்குக் கிடா வெட்டலாம். பாதின்னா 16 போத்துக்குத்தான் தீனி. மிச்ச 9 போத்துக்கு உன் டிகிரி சர்ட்டிபிகேட்டைத்தான் போடணும். இதுல இன்னொண்ணு, கரணை நட்டு முதல் அறுப்புக்கே 75, 80 நாள் ஆகும். லாரி வர்ற அன்னிக்குக் கரணை நட்டா, அந்த ரெண்டரை மாசமும் போத்து உன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்கும்.

நாளுக்கு ஒரு கிலோ எடை ஏறும்னு வீடியோவுல ஒருத்தன் சொன்னானாமே. அவன்கிட்ட போத்து வாங்குனா ஏறும், அவனோட பாங்குக் கணக்குல. நல்லாத் தீனி போட்டா அரைக் கிலோ ஏறும்னு வச்சுக்க. 100 கிலோக் கன்னு வருஷக் கடைசியில 280 கிலோ, கறியாத் தேறுறது அதுல பாதி. உன் நோட்டுல எழுதியிருக்கிற 465 கிலோப் போத்து நோட்டுக்குள்ளயே மேயட்டும், அதுக்குத் தீனிச் செலவு கிடையாது.

வாங்குறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து பாரு. போத்தோட வாயைச் சொல்றேன், தரகர் வாய் தானாவே திறந்திருக்கும். ஒரு வயசுக் கன்னுன்னு சொல்லி, தீனியில்லாமக் குறுகிப்போனதைத் தலையில கட்டுவாங்க. பால்பல்லு விழுந்து முன்னாடி ரெண்டு பல்லு எழுந்திருந்தா எருமைக்கு ரெண்டரை, மூணு வயசு. அது இனிமே வளராது, நீதான் சுருங்குவே.

எடையைக் கண்ணால மதிக்காதே, டேப்பைக் கொண்டு போ. முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சுச் சுத்தளவை அங்குலத்துல எடு, அதை அதாலயே பெருக்கு. தோள் முனையிலேர்ந்து பின்சப்பை எலும்பு வரைக்கும் உள்ள நீளத்தாலயும் பெருக்கி, 660-ஆல வகு. சுத்து 60, நீளம் 50-ன்னா சுமார் 270 கிலோ. சந்தையில துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுறப்போ உன் விரல் நடுங்காம இருக்க இந்தக் கணக்கு உதவும்.

ஹரியானாவிலேர்ந்து 2,000 கிலோமீட்டருக்கு மேலே நின்னுக்கிட்டே வந்து, இறங்குனதும் நம்ம ஊரு அடைமழையில நனைஞ்சா, முதல்ல பிடிக்கிறது தொண்டை அடைப்பான். காலையில காய்ச்சல், மறுநாள் குழி. எருமைக்கு அது மாட்டைவிட வேகம். அதனால மழைக்கு முன்னாடி தடுப்பூசி, வந்த உருப்படியை மூணு வாரம் தனிக்கட்டு, குடல்புழு மருந்து. சதுப்புப் புல்லு போடாதே, ஈரல்ல தட்டைப்புழு குடியேறும். மழைப்புல்லு வெறும் தண்ணி, சாணி கழிச்சலாப் போகும், வைக்கோலு கலந்து போடு. நம்ம பீர்மேடு தாலூகாத் தண்ணி 1895-லேர்ந்து முல்லைப்பெரியாறு வழியாக் கம்பத்துக்குப் போகுது. அங்க நெல்லாகி, வைக்கோலா லாரியில குமுளி ஏறி நம்மகிட்டயே விலைக்கு வருது. நம்ம மழையை நாமளே காசு கொடுத்து வாங்குற ஊரு இது, நீ ஒருத்தன் கூடுதலா வாங்குனா குறைஞ்சா போயிடும்?

வாகமண் மொட்டைக்குன்றைக் காட்டி, "இவ்வளவு மேய்ச்சல் சும்மா கிடக்குதே மாமா"ன்னு கேட்டியே. சும்மா ஏன் கிடக்கு? முக்கால்வாசி கூரை வேயுற போதைப்புல்லு. இளசா இருக்குறப்போ மாடு கடிக்கும், பூத்துட்டா மோந்துட்டு நகரும். ஓரத்துல நிக்கிற உண்ணிச்செடியைப் பசியில தின்னா ஈரல் கெட்டுத் தோல் வெடிக்கும். கம்யூனிஸ்ட் பச்சையை மாடு தொடவே தொடாது, அதுவும் கட்சி பார்க்காம எல்லா எஸ்டேட்லயும் பரவிக்கிடக்கு. சொந்த ஏத்தத்துல மேய்க்கணும்னா எட்டுத் துண்டா வேலி கட்டு. ஒரு துண்டுல நாலு நாள், அப்புறம் மாத்து. ஒரு மாசம் ஆகாம திரும்ப இறக்காதே, நாலு விரலுக்குக் கீழே கடிக்க விடாதே. பிரெஞ்சுக்காரர் ஆந்திரே வாசேன் 1957-ல இதைத்தான் புத்தகமாவே போட்டார்: எத்தனை மாடு மேயுதுங்கிறதைவிட, புல்லுக்கு எத்தனை நாள் ஓய்வுங்கிறதுதான் கணக்கு. மழை மாசத்துல மட்டும் ஏத்தத்துல இறக்கவே இறக்காதே. குளம்பு கிளறுன மண்ணு அடுத்த மழையில கீழ்வீட்டுக்காரன் முற்றத்துக்குப் போயிடும். நிலத்துக்கு வரி நீ கட்டுவே, மண்ணு அவன்கிட்ட இருக்கும்.

"நானே இனம் பெருக்கிடுவேன்"னும் சொன்னியாம். இந்த மலையில பெரிய பெரிய கைகளே பாலுக்குத்தான் இனம் பெருக்குனாங்க மாப்ள. 1958-ல குரிசுமலையில ஆசிரமம் போட்ட பிரான்சிஸ் ஆச்சார்யாவும் பீட் கிரிஃபித்ஸும் கண்டது பால்பண்ணை. 1961-ல கால்நடை மேம்பாட்டுச் சட்டம் வந்து, லைசென்ஸ் இல்லாத நாட்டுக் காளைக்கெல்லாம் காயடிச்சாங்க. 1963-ல சுவிஸ்காரங்க மாட்டுப்பட்டிக்கு வந்தாங்க. நாட்டுப் பசுவும் பிரவுன் சுவிஸும் கலந்து சுனந்தினி பிறந்தது. பால் கூடுச்சு, சரி. நாட்டு மாடு போயிடுச்சு. வெச்சூர்ப் பசுவை மண்ணுத்திக் கால்நடைக் கல்லூரி சோசம்மா ஐப் அம்மா 1989-ல தேடிப் பிடிக்க வேண்டியதாச்சு. கறிக்குன்னு இங்க ஒருத்தரும் இனம் வளர்க்கல. நம்ம தட்டுல விழுறது பால் வத்துன பசு, ஏர் விட்ட காளை, அதோட நீ கட்டப்போற போத்து.

கறிக்கு இனம் வளர்த்தவன் பிரேசில்காரன். நம்ம ஆந்திரா ஓங்கோல் மாட்டைத்தான் கொண்டுபோனான். நெலோர்னு நம்ம நெல்லூரு பேரையே வச்சு, ஆப்பிரிக்கப் புல்லை ஏக்கர் ஏக்கரா விதைச்சு, அதுக்கப்புறம் மந்தையைப் பெருக்குனான். அந்தப் புல்லுக் குடும்பத்துல ஒண்ணுதான் இங்க காங்கோ சிக்னல்னு தென்னைக்கு அடியில முளைக்குது. மாடு நம்மளது, புல்லும் வீட்டுக்கு வந்துடுச்சு, வியாபாரம் மட்டும் அவன்கிட்ட!

விக்கிறதுக்கு நாள் பார்க்கிறவன் காலண்டரையும் பாரு. கிறிஸ்மஸ் நகராது. பக்ரீத் வருஷத்துக்கு 10, 11 நாள் முன்னாடி வந்துடும், நீ போன வருஷத்துத் தேதியை நோட்டுல எழுதி வச்சிருக்கே. அரசாங்கத்தையும் பாரு. 2017 மே 23-ஆம் தேதி சந்தையில கறிக்கு மாடு விக்கக்கூடாதுன்னு டெல்லியில விதி போட்டாங்க. ஒரே வாரத்துல, 30-ஆம் தேதி, மதுரை ஹைகோர்ட்டு தடை போட்டுச்சு. அந்த ஒரு வாரம் மாட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நிலைமையை நினைச்சுப் பாரு. கோர்ட்டு வாய்தா கொடுக்கும், போத்து வாய்தா கேட்காது, நாளுக்கு 25 கிலோ தின்னுக்கிட்டேதான் இருக்கும்.

அதனால ஒண்ணு செய். இந்த வருஷம் புல்லு மட்டும் வளரு. ஒரு ஏக்கர் நேப்பியர், வரப்புல சீமை அகத்தி, மீதியில காங்கோ சிக்னல். அறுத்து எடை போட்டு எழுது. எத்தனை போத்து கட்டலாம்னு அந்த நோட்டு சொல்லும், தரகர் சொல்ல வேண்டாம். அடுத்த வருஷம் மழை விட்டதும் புரட்டாசியில அஞ்சே அஞ்சு கன்னு வாங்கு.

கேட்க மாட்டே, தெரியும். ரத்தம் அப்படி. பரவாயில்ல, 25-ஐயும் இறக்கு. நான் போன மாசமே என் அரை ஏக்கர்ல கோ-5 கரணை ஊனிட்டேன். மருமகன்கிறதால கட்டுக்கு ரெண்டு ரூபா குறைச்சுத் தர்றேன். கடன் மட்டும் கிடையாது.