எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார்

லண்டனில் வீடு வாங்கப் போகிறேன் என்று ஒரு தமிழரிடம் சொல்லிப் பாருங்கள். எந்த இடம், எத்தனை அறை, என்ன விலை என்பதெல்லாம் பிறகு. முதல் கேள்வி, "சொலிசிற்றர் ஆர்?" நாங்கள் வாய் திறப்பதற்குள் பதிலையும் அவரே தந்துவிடுவார்: "எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார். நான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ."

ஹரோவிலிருந்து ஈஸ்ட்ஹாம் வரை இந்த 'எங்கட ஆள்' இல்லாத குடும்பம் கிடையாது. அத்தானுடைய ஆள், தொண்ணூறுகளில் அத்தானின் அகதி வழக்கை வென்று கொடுத்தவர். குடிவரவு, விவாகரத்து, கார் விபத்து, உயில், வீடு வாங்கல் விற்றல் எல்லாவற்றையும் அலுவலகக் கண்ணாடியில் வரிசையாக ஒட்டியிருக்கிறார். "நீதிபதியையே அழ வைச்ச மனிசன்" என்றார் அத்தான். வீடு வாங்கும் அலுவலில் அழ வைப்பதற்கு நீதிபதி எவரும் இல்லை என்பதை அவருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. பெரியம்மாவின் ஆளுக்கு வேறு தகுதி. அவருடைய மகளின் அரங்கேற்றத்துக்குப் பெரியம்மா போயிருந்தார், சாப்பாடு திறமாம்.

வீட்டு ஏஜென்றும் ஒருவரைச் சிபாரிசு செய்தார். இப்படி ஆள் அனுப்பிவைத்தால் ஏஜென்றுக்குக் கமிஷன் வருவதுண்டு. அதை மறைக்கக் கூடாது என்று விதி. ஏஜென்றும் மறைக்கவில்லை, கடதாசியின் அடியில், எறும்பு மட்டும் வாசிக்கக்கூடிய எழுத்தில் போட்டிருந்தார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததைப் பார்த்ததும் பேச்சைக் குளிரின் பக்கம் திருப்பிவிட்டார்.

விலையைப் பார்த்துத் தெரியலாமே என்று தோன்றும். 2018 டிசம்பரிலிருந்து இங்கிலாந்து சொலிசிற்றர் நிறுவனங்கள் வீட்டு அலுவலுக்கான கட்டணத்தைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். போடுகிறார்கள். ஆனால் மேலே தெரிகிற தொகை பிள்ளையார் சுழி மாத்திரம். அதன் கீழே வற் வரி, மாநகரசபைத் தேடுதல், தண்ணீர்க் குழாய்த் தேடுதல், காணிப் பதிவகக் கட்டணம், வங்கிக்குக் காசு அனுப்புகிற காசு, ஆளை அடையாளம் காண்கிற காசு. யாராவது அன்பளிப்பாகப் பணம் தந்தால், அந்த அன்புக்கும் ஒரு தொகை.

யாழ்ப்பாணத்தில் காணி வாங்கும்போது இவ்வளவு யோசித்ததில்லை. நொத்தாரிசு வீட்டு விறாந்தையில் விற்கிறவரும் வாங்குகிறவரும் இரண்டு சாட்சிகளும் குந்தியிருந்து உறுதி எழுதி, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவோம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்கிற அந்தச் சட்டம் 1840இல் வெள்ளைக்காரன் போட்டது. எங்களுக்கு அப்படிப் போட்டவன் தன் நாட்டில் மட்டும் வேறு விதமாக வைத்திருக்கிறான். இங்கே இரு தரப்புக்கும் தனித்தனி ஆள். விற்கிறவரிடம் நான் கேட்க வேண்டியதை என் ஆள் அவருடைய ஆளிடம் கேட்பார். பதில் அதே வழியில் திரும்பி வரும். கோபித்துக்கொண்ட சம்பந்திமார் தரகர் மூலம் பேசுவது போலத்தான். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஒப்பந்தங்கள் கைமாறும் நாள் வரைக்கும் யாருக்கும் யாரும் கட்டுப்பட்டவர் இல்லை. கை குலுக்கி விலை பேசிய மனிதர், அடுத்த கிழமை வேறொருவர் கூடத் தந்தால் அவருக்கே கொடுத்துவிடலாம். சட்டம் ஒன்றும் சொல்லாது. ஆகவே வேகமான ஆள் வேண்டும். கெட்டித்தனம் இரண்டாவது.

வேகத்தை அளக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் போன் எடுப்பது. இந்த நாட்டில் பாதி வீடுகள் கைமாறுவது வெள்ளிக்கிழமைதானோ என்று நினைக்கும் அளவுக்கு அன்று நெருக்கடி. அன்றைக்குப் போனை எடுப்பவர் என்றைக்கும் எடுப்பார். அத்தானின் ஆள் எடுக்கவில்லை. பெரியம்மாவின் ஆளுடைய போனில் வீணை வாசித்தது. மலிவான இணையக் கம்பெனி, நான் வரிசையில் எத்தனையாவது என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பார்மசிக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்த அம்மா ஒருவர் தானே எடுத்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "எந்த வங்கியில் கடன்?" என்றார். வங்கி தன் பட்டியலில் இல்லாத ஆளை ஏற்காது. அது சரிவராவிட்டால் மிச்சக் கதை வீண். அந்த முதல் கேள்வியிலேயே நான் விழுந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது அத்தானுக்குப் பெரிய அதிர்ச்சி. அந்த அம்மா சொலிசிற்றரே இல்லை. வீட்டு அலுவல் மட்டும் பார்ப்பதற்கென்று லைசென்ஸ் எடுத்தவர். சொலிசிற்றர்மாரின் ஏகபோகத்தை உடைத்து 1985இல் வந்த சட்டத்தால் முளைத்த தொழில் அது. "அப்ப கோட்டுக்குப் போனால்?" என்றார் அத்தான். வீடு வாங்கத்தானே போகிறோம் அத்தான்.

பிறகு தொடங்கியது மேல்மாடி அம்மாவின் விசாரணை. என் கணக்கில் ஒரு நாள் வந்து விழுந்த பெரிய தொகை எங்கிருந்து வந்தது?

"சீட்டு."

"அது எந்த நிறுவனம்?"

நிறுவனம் இல்லை, ஓர் அக்கா.

"அவரை மேற்பார்வை செய்வது யார்?"

சீட்டுப் பிடித்த அத்தனை குடும்பமும்தான், மாதத்தின் முதல் ஞாயிறு, வடையோடு. கூடக் கழிவு கேட்கிறவருக்கு முதலில் காசு என்பதைப் படம் கீறி விளக்கினேன். ஒருவர் தன் காசையே குறைத்து வாங்க மற்றவர்களோடு ஏன் போட்டி போட வேண்டும் என்று கேட்டார். எழுத்தில் ஏதாவது உண்டா என்றார். அக்காவின் கொப்பி உண்டு. அதில் பெயர்கள் 'வெம்பிளி மச்சாள்', 'மீசை', 'பழைய கடை' என்று இருந்தன. அதையும் ஸ்கான் பண்ணி அனுப்பினேன். 2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகளை எழுதியவர்கள் மீசையை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் சொல்கிறேன், ஒன்றும் கேட்காமல் "எல்லாம் ஓகே அண்ணை" என்கிற ஆளைக் கண்டால்தான் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்தது மாமா. முற்பணத்துக்கு அவர் கொஞ்சம் தந்திருந்தார். அது அன்பளிப்பு, திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் எனக்கு எந்த உரித்தும் இல்லை என்று எழுதி ஒப்பமிட வேண்டும். பாஸ்போட்டும் வங்கிக் கூற்றும் வேண்டும். "தந்ததைத் திருப்பிக் கேக்கிற ஆளே நான்?" என்று மாமா கொதித்தார். மாமிக்கே காட்டாத வங்கிக் கூற்றை மேல்மாடி அம்மாவுக்குக் காட்ட வேண்டி வந்ததுதான் உண்மையான வலி. ஒப்பம் வைத்தார். வைத்த கடிதத்தில் தனக்கும் ஒரு கொப்பி கேட்டு வாங்கினார்.

தேடுதல்களில் ஒன்று தேவாலயக் கூரை பற்றியது. சில பழைய காணிகளை வைத்திருப்பவர்கள் ஊர்த் தேவாலயத்தைத் திருத்திக் கொடுக்கும் கடமையையும் சேர்த்தே சுமக்கிறார்கள். வார்விக்‌ஷயரில் ஆஸ்டன் காண்ட்லோ என்ற ஊரில் பண்ணை வைத்திருந்த ஒரு தம்பதி, கட்டத்தான் வேண்டும் என்று 2003இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது; திருத்த வேலையும் வழக்குச் செலவுமாக லட்சக்கணக்கில் போனது. 2013 ஒக்ரோபரோடு விதி இறுகி ஆபத்துக் குறைந்துவிட்டது. இருந்தாலும் ஒரு சின்னக் காப்புறுதி எடுத்துவிடுங்கள் என்றார் அம்மா. "அம்மன் கோயில் கூரைக்கே இன்னும் காசு குடுக்கேல்லை" என்றாள் மனிசி.

விற்கிறவர் நிரப்பும் படிவம் ஒன்றும் வந்தது. வீட்டில் எதை விட்டுவிட்டுப் போகிறார், எதை எடுத்துப் போகிறார் என்ற விபரம். துணி காயப்போடும் கொடி, குப்பைத்தொட்டி, பல்பு எல்லாம் அதில் அடக்கம். விளக்கைக் கழற்றினால் பல்போடு ஒரு பிடியையாவது மாட்டிவிட்டுப் போக வேண்டுமாம். எங்கள் மனிதர் கழிவறைத் தாள் மாட்டியைத் தான் கொண்டுபோவதாக அடையாளமிட்டு, வேண்டுமென்றால் வாங்கலாம் என்று பக்கத்தில் விலையும் போட்டிருந்தார். நாற்பது வருடம் இருந்த வீட்டைப் பெருமூச்சில்லாமல் விற்கிறவர், அதை மட்டும் விடவில்லை. வாங்குவோமா என்று அம்மாவிடம் கேட்டேன். சட்ட ஆலோசனை இல்லை என்று சொல்லிவிட்டு, கடையில் மலிவு என்றார்.

ஒப்பந்தம் கைமாறியது; பத்து வீதம் கட்டினோம்; திறப்பு வந்தது. மாட்டி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. காணிப் பதிவகத்தில் இப்போது எங்கள் பெயர் இருக்கிறது. இந்தப் பதிவு ஊருக்கே திறந்த புத்தகம்: 7 பவுண் கட்டினால் உரிமையாளர் பெயர், வாங்கிய விலை, கடன் தந்த வங்கி எல்லாவற்றையும் எவரும் எடுத்துப் பார்க்கலாம். மாமா கட்டினவர். தன்னுடைய பெயர் மெய்யாகவே அதில் இல்லையோ என்று பார்க்க.